'வெளிய ஒண்ணுமே இல்ல': பின் சீட்டுப் பசங்களும் அருப்புக்கோட்டை ரோடும்

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் கார் பயணத்தைப் பத்திப் பேசலாம். எந்த வண்டி வாங்கலாம், மைலேஜ் எவ்வளவுங்கிற பேச்சு கிடையாது. பின் சீட்டுல உட்கார்ந்திருக்கிற சின்னப் பசங்களைப் பத்தின பேச்சு.

இதைக் கேட்கிற நிறையப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காதுன்னு எனக்குத் தெரியும். எனக்கும் ஆகல. ஆனா அண்ணன் பசங்க, அக்கா பசங்கன்னு யாராவது இருப்பாங்கல்ல? மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போற வண்டியில, ரெண்டு வாண்டுகளுக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு உட்கார்ற அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி எல்லாம் நாமதான். அதனால இது நமக்கான எபிசோட்.

எங்க ஊர் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் குடும்பம் மதுரையில இருக்கு. நான் சென்னையிலிருந்து ரயில்ல மதுரைக்கு வந்து இறங்குவேன், அங்கிருந்து எல்லாரும் அண்ணன் கார்ல. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே திரும்பினா திருச்சுழி. மொத்தமே ஒண்ணரை மணி நேரம். அண்ணன் ஓட்டுவான், முன் சீட்டுல எங்கப்பா, பின்னாடி 11 வயசுப் பையன், 7 வயசுப் பொண்ணு, நடுவுல நான்.

இந்த மாதிரிப் பயணத்துல எல்லா வீட்டுலயும் ஒரு வசனம் வரும். "வெளிய ஒண்ணுமே இல்ல, போனைப் பாரு" இல்லைன்னா "ஒண்ணுமே இல்ல, தூங்கு." கொடைக்கானல் போகும்போது யாரும் இப்படிச் சொல்றதில்ல, "மேகத்தைப் பாரு, அருவியைப் பாரு"ன்னு எழுப்பி விடுவோம். கரிசல் காட்டுக்குள்ள போகும்போது மட்டும் ஒண்ணுமே இல்லைன்னு நாமளே சொல்லிடுறோம். சொல்றது யார்? அந்த ஊர்க்காரங்கதான்.

இன்னிக்கு நான் சொல்ல வர்றது இந்த ஒரே விஷயம்தான். அந்த ரோட்டுல ஏகப்பட்டது இருக்கு. அதைப் பசங்களுக்குக் காட்டுறதுக்கு நாம டீச்சர் ஆக வேண்டியதில்ல. சில விளையாட்டு போதும். நான் நாலஞ்சு தடவை செஞ்சு பார்த்து, ஓடினதை மட்டும் சொல்றேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி

முதல்ல பெல்ட். "பக்கத்து ஊர்தானே"ன்னு பிள்ளையை முன் சீட்டுல மடியில வெச்சுக்கிட்டுப் போறது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம். தயவுசெஞ்சு வேண்டாம். ஏர்பேக் விரியுற வேகத்துக்குக் குழந்தை உடம்பு தாங்காது. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாம போனா 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்க, பின் சீட்டுலயும் பெல்ட் போடணும்கிறதுதான் விஷயம். எங்க வண்டியில எல்லாரும் பெல்ட் போட்ட பிறகுதான் முதல் விளையாட்டு ஆரம்பிக்கும்.

ரெண்டாவது, வாந்தி. வண்டி ஓடும்போது காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "நகர்றோம், நகர்றோம்"னு மூளைக்குச் சொல்லுது. கண்ணு போன் திரையில இருந்தா அது "அசையாம இருக்கோம்"னு சொல்லுது. ரெண்டு சேதியும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம். 2 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் இது அதிகம். தூரத்துல இருக்கிறதைப் பார்த்தா கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும், குமட்டல் குறையும். அதனால ஜன்னல் வழியாப் பார்க்கிற விளையாட்டு முதல்ல வயித்துக்கு நல்லது, அறிவு வளர்றது அப்புறம்தான். போனைப் பிடுங்கும்போது உபதேசம் பண்ணாம இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்க. 7 வயசுக்குக்கூடப் புரியுது.

மூணாவது, வண்டி ஓட்டுறவங்களுக்கு எந்த விளையாட்டும் கிடையாது. எங்கண்ணனுக்கு நாங்க வெச்ச பேர் "அம்பயர்". தீர்ப்பு மட்டும் சொல்லலாம், திரும்பிப் பார்க்கக் கூடாது.

கல்லும் நம்பர் பிளேட்டும்

மதுரை ரிங் ரோட்டைத் தாண்டி, பெருங்குடியில ஏர்போர்ட்டைக் கடக்கிற வரைக்கும் பசங்க தானாவே வெளியதான் பார்ப்பாங்க. தாழ்வா ஒரு விமானம் வந்துட்டா அஞ்சு நிமிஷம் ஓடிடும். அதுக்கப்புறம்தான் "எப்ப வரும்?" ஆரம்பிக்கும்.

அப்ப நம்பர் பிளேட். டிஎன் 67 விருதுநகர் மாவட்டம். 58, 59, 64 மூணும் மதுரை. 65 ராமநாதபுரம், 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி. எந்த வண்டி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். மஞ்சள் பிளேட்னா வாடகை வண்டி, பச்சைன்னா கரண்டுல ஓடுறது. இது சும்மா சூடேத்துறதுக்கு, பத்து நிமிஷம் போதும்.

அடுத்தது கிலோமீட்டர் கல். தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை, கிராமத்து ரோட்டுக்கு ஆரஞ்சு. பெரிய ரோட்டுல இருந்து உள்ள திரும்பும்போது கல்லோட தலை நிறம் மாறுதான்னு பார்க்கச் சொல்லுங்க. எங்க பையனுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. "அத்தை, ரோடு மாறிடுச்சு"ன்னு கூகுள் மேப்புக்கு முன்னாடி அவன் சொல்லிட்டான்.

அதே கல்லை வெச்சுக் கணக்கும் போடலாம். ஒரு கல்லுல இருந்து அடுத்த கல் வரைக்கும் எத்தனை விநாடின்னு எண்ணணும். 3,600ஐ அந்த எண்ணால வகுத்தா வண்டியோட வேகம். 60 விநாடி ஆச்சுன்னா 60 கிலோமீட்டர் வேகம். 50 விநாடின்னா 72. 45 விநாடின்னா 80. விடையைச் சொன்னதும் அம்பயர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுவார். வகுத்தல் பிடிக்காத 11 வயசுப் பையன் கேட்காமலேயே நாலு தடவை வகுத்தான். 40 விநாடிக்கு 90 வந்ததும், "அப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்க"ன்னு சொன்னது கூடுதல் லாபம்.

ஊர் பேர்ல தண்ணி இருக்கா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு இது. ரோட்டோரப் பலகையில வர்ற ஊர்ப் பேரை ரெண்டு அணியாப் பிரிக்கணும், தண்ணி அணி, வீட்டு அணி.

வலையங்குளம், கோவிலாங்குளம், முக்குளம் எல்லாம் தண்ணி அணி. 'ஏந்தல்'னு முடிஞ்சா அதுவும் தண்ணி அணிதான், இந்தப் பக்கம் ஏந்தல்னா சின்னக் கண்மாய். 'ஊருணி'ன்னு வந்தாலும் அப்படித்தான், ஊர் குடிக்கிற தண்ணி இருந்த இடம். பெருங்குடி, பந்தல்குடி, நரிக்குடி எல்லாம் வீட்டு அணி, குடின்னா ஜனங்க குடியிருக்கிற இடம். காரியாபட்டி, பாளையம்பட்டியும் வீட்டு அணி. கல்குறிச்சி, செட்டிக்குறிச்சி மாதிரி 'குறிச்சி'யும் ஊரைத்தான் சொல்லுது.

பையன் தண்ணி அணி, பொண்ணு வீட்டு அணி. திருச்சுழி வந்ததும் சண்டை. "சுழின்னா தண்ணி சுழிக்கிறதுதானே? எனக்குத்தான் பாயிண்ட்"னு இவன். "அங்க ஆத்துலதான் தண்ணியே இல்லியே"ன்னு இவள்.

அந்த ஊர்ப் பேருக்குத் தலபுராணத்துல ஒரு கதை இருக்கு. பெரிய வெள்ளம் வந்து எல்லாத்தையும் அழிக்கப் போகுது, சிவன் தன் சூலத்தால பூமியில ஒரு துளை போடுறார், வெள்ளம் சுழிச்சுக்கிட்டு அதுக்குள்ள இறங்கிடுது. அதனால சுழியல், திருச்சுழியல். சுந்தரர் பாடின தேவாரத்துலயே அந்தப் பேர் இருக்கு. பசங்களுக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிச்சது, குளிச்ச தண்ணி வடிகால்ல சுழிச்சு இறங்கும்போதெல்லாம் இப்ப "திருச்சுழி"ன்னு கத்துறாங்களாம், அண்ணி சொன்னாங்க.

எனக்குத் தோணினது வேற. இவ்வளவு வறண்ட சீமையில ஊருக்கெல்லாம் தண்ணியை வெச்சுப் பேர் வெச்சிருக்காங்க. தண்ணி குறைவா இருக்கிற இடத்துலதான் ஒவ்வொரு தண்ணிக்கும் தனிப் பேர் தேவைப்படுது போல.

கண்மாயைப் படிக்கிறது

இனி சொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன். இந்த நிலத்தோட உண்மையான பாடம் இதுதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகும்போது ரோட்டோரமா நீளமா ஒரு மண்மேடு வரும். மேல வரிசையாப் பனை, நடுநடுவுல கருவேலம். சென்னைக் கண்ணுக்கு அது சும்மா மேடு. அதுதான் கண்மாய்க் கரை. வடக்கே ஏரின்னு சொல்றதைத்தான் இங்க கண்மாய்ங்கிறோம். பேசும்போது கம்மா.

பசங்க கண்டுபிடிக்க வேண்டியது அஞ்சு. தண்ணியைத் தடுத்து நிறுத்துற கரை. வயலுக்குத் தண்ணி திறந்து விடுற மடை. நிறைஞ்சு மிஞ்சின தண்ணி வெளியேற, கல் வெச்சுக் கட்டின கலுங்கு. அந்த மிச்சத் தண்ணி ஓடுற மறுகால். மழைத் தண்ணியைக் கண்மாய்க்குக் கொண்டு வர்ற வரத்துக்கால். ஒரு கண்மாயோட மறுகால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. இப்படி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சங்கிலி மாதிரி.

11 வயசுக்காரனுக்கு இன்னும் ஒரு கேள்வி கொடுக்கலாம். "கரை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?" கரை வில்லு மாதிரி இருக்கும், திறந்த பக்கம்தான் தண்ணி வர்ற பக்கம். இந்தச் சீமை பொதுவா மேற்கே உயரம், கிழக்கே கடலைப் பார்த்துச் சரிவு. அப்ப கரையைப் பார்த்தே கடல் எந்தத் திசைன்னு சொல்லிடலாம். குண்டாறும் அதே கணக்குலதான் திருச்சுழி, கமுதி வழியா மன்னார் வளைகுடாவுக்குப் போகுது. வருஷத்துல பெரும்பாலான நாள் அதுல மணல்தான். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. அதுல வர்ற குண்டாறு இதுதான். பாலத்து மேல போகும்போது இதைச் சொன்னேன். "காவிரித் தண்ணி இவ்வளவு தூரம் வருமா?"ன்னு பையன் மேப்பைத் திறந்து அளக்க ஆரம்பிச்சுட்டான். அந்த நேரத்துல போனைக் கொடுக்கலாம், தப்பில்ல.

பொண்ணு கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "தண்ணியே இல்லைன்னா அது எப்படிக் கம்மா?" நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள முன் சீட்டுல இருந்து எங்கப்பா, "ஞாயித்துக்கிழமை உங்கப்பா வேலைக்குப் போகலைன்னா அவன் உங்கப்பா இல்லையாத்தா?"ன்னார். வண்டியே சிரிச்சது. ஆனா அந்தப் பதிலுக்குள்ள பெரிய விஷயம் இருக்கு. காஞ்சு கிடந்தாலும் அது கண்மாய்தான். அப்படி நினைக்கிறவங்க இருக்கிற வரைக்கும்தான் வரத்துக்காலை யாரும் மூடாம இருப்பாங்க. வெறும் காலி இடம்னு நினைக்க ஆரம்பிச்சா பிளாட் கல் நட்டுடுவாங்க.

புள்ளிப் பட்டியல்

1948ல இங்கிலாந்துல சார்லஸ் வாரெல்னு ஒருத்தர் 'ஐ-ஸ்பை'ன்னு குட்டிக் குட்டிப் புத்தகங்கள் போட ஆரம்பிச்சார். தலைமையாசிரியரா இருந்தவர். புத்தகத்துல இருக்கிறதை ரோட்டுல பார்த்தா டிக் பண்ணணும், அபூர்வமானதுக்கு அதிகப் புள்ளி. அந்த யோசனையை எடுத்து எங்க ரோட்டுக்கு நாங்களே ஒரு பட்டியல் போட்டோம்.

- மயில்: 1 புள்ளி. திரும்பின பக்கமெல்லாம் மயில்தான்.
- கானல் நீர்: 2
- கம்பியில உட்கார்ந்த பனங்காடை: 3. பறந்து நீலச் சிறகைக் காட்டினா 5.
- கரிமூட்டத்துப் புகை: 5
- ரோட்டுலயே காயப்போட்ட கதிர்: 5
- தண்ணி இருக்கிற கண்மாய்: 10
- மறுகால் பாயுற கலுங்கு: 50

இந்தப் பட்டியலை வெச்சே ஒவ்வொண்ணாப் பேச்சு வரும். கானல் நீரை எடுத்துக்கோங்க. தார் ரோடு சூடாகி அதை ஒட்டின காத்தும் சூடாகுது. சூடான காத்து லேசு, மேல இருக்கிற காத்து அடர்த்தி. வானத்துல இருந்து வர்ற வெளிச்சம் அந்த இடத்துல வளைஞ்சு நம்ம கண்ணுக்கு வருது. ரோட்டுல தண்ணியாத் தெரியுறது உண்மையில வானம். இயற்பியல் புத்தகத்துல படம் போட்டு விளக்குறதை இந்த ரோடு இலவசமாக் காட்டுது. பொண்ணு இதை வெச்சு ஒரு விடுகதை கட்டினா: "துரத்தத் துரத்த முன்னாடி ஓடும், கிட்டப் போனா காணாமப் போகும்." விடுகதையை நாம சொல்றதைவிட அவங்களையே கட்டச் சொன்னா நேரம் பறக்குது.

கரிமூட்டம் சீமைக் கருவேலத்துல இருந்து வருது. அந்த மரம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. இங்க வெட்டி, அடுக்கி, மண்ணு மூடி, மெதுவா வேகவிட்டுக் கரியாக்குவாங்க. கருவேலம்னு நாம பொதுவாச் சொல்ற மரங்கள்ல மூணு வகையைப் பிரிச்சுப் பார்க்கலாம். சீமைக் கருவேலம்னா பூ குச்சி மாதிரி நீளமா இருக்கும். நாட்டுக் கருவேலம்னா பூ மஞ்சள் உருண்டை, காய் பாசிமணி கோத்த மாதிரி. குடை விரிச்ச மாதிரி தட்டையா நின்னா குடைவேலம். மூணையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க நம்ம நண்பர்கள்ல எத்தனை பேர்?

ரோட்டுல கதிர் காயுறது தை, மாசியில. இங்க பெரும்பாலும் மானாவாரி, வடகிழக்குப் பருவமழையை நம்பின வெள்ளாமை. மழை நின்னப்புறமும் கரிசல் மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அந்த ஈரத்துலதான் பருத்தியும் சோளமும் கம்பும் குதிரைவாலியும் மல்லியும் விளையுது. அதே மண்ணு காஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். ஒரு இடத்துல நிறுத்தி, அந்த வெடிப்புக்குள்ள ஒரு குச்சியை விட்டு எவ்வளவு ஆழம்னு அளக்கச் சொல்லுங்க. கால்ல ஒட்டின கரிசலோட வண்டியில ஏறுவாங்க, அண்ணன் திட்டுவான். பரவால்ல.

இந்தப் பட்டியலை நான் வாசிச்சுக் காட்டினப்ப அப்பா ஒண்ணு சொன்னார். "தண்ணி இருக்கிற கம்மாய்க்குப் பத்துப் புள்ளியா? நான் பையனா இருந்தப்ப இதுக்கு ஒரு புள்ளிதான் போட்டிருப்போம். மயிலுக்குத்தான் பத்து." யாரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. ஒரு விளையாட்டுப் பட்டியல்லயே ஒரு சீமையோட அறுபது வருஷ மாற்றம் வந்துடுச்சு.

நிறுத்துற இடங்கள்

நிறுத்தாம போறதுல பெருமை எதுவும் இல்ல. சின்னப் பசங்களுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது காலை நீட்டணும். நிறுத்தின வண்டிக்குள்ள பிள்ளையை விட்டுட்டு ரெண்டு நிமிஷம்கூட நகராதீங்க, இந்த வெயிலுக்கு வண்டி அடுப்பா மாறிடும்.

எலியார்பத்தி டோல்கேட், வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2013ல. இன்னும் தெற்கே போனா கொத்தமல்லி. ரெண்டுக்கும் இங்க பேர் 'மல்லி'தான். "மல்லி வாங்கிட்டு வா"ன்னா பூக்கடையா, மளிகைக் கடையா? இந்த ஒரு ஜோக்கை எங்க பசங்க மூணு பயணமா ஓட்டுறாங்க.

அருப்புக்கோட்டையில நேரம் இருந்தா பைபாஸ்ல போகாம ஊருக்குள்ள நுழையுங்க. நெசவுக்குப் பேர் போன ஊர். தறிச் சத்தம் கேட்கிற தெருவுல ஜன்னலை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கிட்டு அது என்ன சத்தம்னு கேளுங்க. தெற்கே எட்டயபுரம் வரைக்கும் போற ஆளுங்களா இருந்தா, வழியில பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வீடு கட்டுற சிமெண்ட் எங்கிருந்து வருதுன்னு அங்க பேசலாம். கமுதிப் பக்கம் போறவங்களுக்கு 2016ல வந்த சூரிய மின்நிலையம், 648 மெகாவாட். மழையைக் கொடுக்காத வானம் வெயிலைக் கொடுக்குதுல்ல, அதையும் அறுவடை பண்றாங்க.

திருச்சுழியில கோயிலும், ரமணர் பிறந்த வீடும். 1879 டிசம்பர் 30ல பிறந்தவர். பசங்களுக்கு நான் சொல்றது அவரோட பயணக் கதையை மட்டும். 16 வயசு. மதுரையில படிச்சுக்கிட்டிருந்தப்ப, அண்ணனோட காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, 2 ரூபாயை ஒரு சீட்டோட வெச்சுட்டுக் கிளம்பிட்டார். 1896 ஆகஸ்ட் 29ல கிளம்பினவர் கொஞ்சம் ரயில், கொஞ்சம் நடைன்னு செப்டம்பர் 1ல திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். இப்ப நாம வந்த தேசிய நெடுஞ்சாலை 38 வேலூர்ல ஆரம்பிச்சு, திருவண்ணாமலை, திருச்சி, மதுரை, அருப்புக்கோட்டை வழியா தூத்துக்குடிக்குப் போகுது. "அப்ப இதே ரோட்டைப் பிடிச்சா நேரா அங்க போயிடலாமா?"ன்னு பையன் கேட்டான். போயிடலாம்டா.

முன் சீட்டுல இருக்கிறவங்க

இவ்வளவு சொன்னேன், இதுல பாதி எனக்கே அப்பாகிட்ட இருந்து வந்ததுதான். வண்டியில ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தா கூகுளைவிட நல்ல வழிகாட்டி உங்ககிட்ட இருக்கு. என்ன, அவங்களைத் திறக்கிற கேள்வியைக் கேட்கணும். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா?"ன்னு கேட்டா, "என்னத்தச் சொல்ல"ன்னு ஒரே வரியில முடிஞ்சிடும். "பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா நடந்தீங்க? எந்த இடத்துல பயமா இருக்கும்?"னு கேளுங்க. அப்புறம் நிறுத்த முடியாது.

சொற்களையும் சேர்க்கலாம். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்ல பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஒரு அகராதியே போட்டார். நாங்க ஒரு பயணத்துக்கு அஞ்சு சொல்லுன்னு வெச்சிருக்கோம். குறுக்கம், பருத்திமார், மறுகால், கலுங்கு, ஏந்தல். இதெல்லாம் தாத்தா வாயில இருந்து வரும்போது பையன் நோட்டுல எழுதுறான். எழுத்துப்பிழை இருந்தா நான் திருத்துறதில்ல. அது ஹோம்வொர்க் ஆயிடக் கூடாதுல்ல.

அதுதான் முக்கியம். வீட்டுக்குப் போய் "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?"ன்னு பரீட்சை வெக்காதீங்க. சலிச்சுப்போனா விட்டுடுங்க. திரும்பி வரும்போது பெரும்பாலும் தூங்குவாங்க, தூங்கட்டும். அரை மணி நேரம் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தா அதுவும் நல்லதுதான். சும்மா இருக்கிறப்பதான் "தண்ணி இல்லைன்னா எப்படிக் கம்மா"ங்கிற மாதிரிக் கேள்வி வருது.

கடைசியா ஒண்ணு. எங்களுக்கு ஊர்ல மூணு ஏக்கர் புஞ்சை இருக்கு. அதை வெச்சுக்கலாமா வித்துடலாமாங்கிற பேச்சு எல்லா சிவராத்திரிக்கும் வருது. இந்த வருஷமும் வந்தது. விக்கணும்கிற பக்கமும் நியாயம் இருக்கு, மழையை நம்பி யார் உழுறது? என்ன முடிவானாலும் இன்னும் இருபது வருஷத்துல கையெழுத்துப் போடப் போறது அந்தப் பின் சீட்டுப் பசங்கதான். விக்கட்டும், வெச்சுக்கட்டும். ஆனா என்னத்தை விக்கிறோம்னு தெரிஞ்சு விக்கட்டும். அந்த நிலத்துக்குத் தண்ணி எந்தக் கண்மாயிலிருந்து வரும், அந்தக் கண்மாய்க்கு எங்கிருந்து வரும்னு ஒரு தடவையாவது ஜன்னல் வழியாப் பார்த்தவங்களா இருக்கட்டும். "வெளிய ஒண்ணுமே இல்ல"ன்னு கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் சர்வே நம்பரா மட்டும்தான் இருக்கும்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்க சொந்த ஊர் ரோட்டுக்கு ஒரு புள்ளிப் பட்டியல் போடுங்க, ஏழு வரி போதும். தஞ்சாவூர்ப் பக்கம்னா அதுல கொக்குக்கு எத்தனை புள்ளி, பொள்ளாச்சின்னா தென்னைக்கு எத்தனைன்னு யோசிங்க. போட்டு முடிச்சதும் வீட்டுல இருக்கிற மூத்த ஆள்கிட்ட வாசிச்சுக் காட்டி, "உங்க காலத்துல இதுக்கு எத்தனை புள்ளி போட்டிருப்பீங்க?"ன்னு கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.

பெல்ட் போடுங்க, பத்திரமாப் போயிட்டு வாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.